நோக்கமும் காலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி அருகே வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், “மை ஃபாதர் புட் அப் எ ஃபென்ஸ் ஸோ தட் தி பைசன் கேனாட் என்டர்” என்று எழுதியதை, ‘குட் நாட்’ என்று திருத்தி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எது சரி? ‘மே’, ‘மைட்’, ‘லெஸ்ட்’ எல்லாம் எப்போது வரும்? தமிழில் யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம் என்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். ‘நுழையாமல் இருக்க வேலி போட்டார்’ என்னும்போது ‘இருக்க’ என்ற எச்சம் காலம் காட்டுவதில்லை. ஆங்கிலமோ அந்த இடத்தில் காலத்துக்கு ஏற்ற ஒரு துணைவினையைக் கேட்கிறது. இதைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் ஒரே வகுப்பில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். அப்படியிருக்க, அவனுடைய மொழியைப் பிடுங்கச் சொல்பவர்களின் பேச்சுக்கு நீங்கள் காது கொடுத்தது தவறு.

முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தால் ‘ஸோ தட்’டுக்குப் பின் ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’ வரும்; நிகழ்காலமோ எதிர்காலமோ ஏவலோ என்றால் ‘கேன்’, ‘வில்’, ‘மே’ வரும். தேர்வுக்கு இந்தப் பொதுவிதி பாதுகாப்பானது. ஆனால் மாணவர்களின் ஏடுகளைத் திருத்தும்போதெல்லாம் சில காலமாக என்னை உறுத்திவருவது, இந்த விதியை அட்டவணையாக மனப்பாடம் செய்யவைக்கும் நாம், அந்த நோக்கம் இன்றும் நீடிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவதில்லை என்பதே. வேலி போட்டது முடிந்துபோன செயல்தான். அந்த வேலி இன்றும் நின்று காட்டெருமையைத் தடுக்கிறது என்றால் ‘கேனாட்’ பிழையாகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் ஓடத் தொடங்கியது. செங்குத்தான மலையில் அது ஏறுவதற்காக, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்கள் கொண்ட தண்டவாளம் பதித்தார்கள். இதை எழுதும்போது ‘குட் க்ளைம்ப்’ என்றால் பதித்தவர்களின் எண்ணம் தெரியும். ‘கேன் க்ளைம்ப்’ என்றால் அது இன்றைக்கும் அந்த வேலையைச் செய்துவருவது தெரியும். இரண்டும் சரிதான்.

என் அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் செடியெல்லாம் பனி சொட்டும் என்பதால், புடவை நனையாமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்வார். முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் கூடையை எடுப்பார். இதை ஆங்கிலத்தில் ‘வுட் நாட் கெட் வெட்’ என்று இறந்தகால வடிவத்தில்தான் எழுத முடியும். அந்தத் தாளும் இல்லை, கட்டியவரும் இல்லை. அங்கே ‘வில் நாட்’ என்று எழுதும் மாணவனை நான் தயங்காமல் திருத்துவேன், உங்கள் மகனைத் திருத்தும் முன், “வேலி இன்னும் இருக்கிறதா, தம்பி?” என்று கேட்டிருப்பேன். அதைக் கேட்காமல் சிவப்பு மையை எடுப்பவர் வாக்கியத்தைப் படிக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

அதற்காக ஒரு மதிப்பெண்ணுக்குப் பள்ளி வாசலில் போய் நிற்காதீர்கள். மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: ‘ஸோ தட் தி பைசன் டிட் நாட் என்டர்’ என்று எழுதினால், வேலி போட்டார், அதனால் காட்டெருமை வரவில்லை என்று விளைவைச் சொல்வதாகிவிடும், அப்பாவின் நோக்கம் அதில் வராது. நோக்கத்தைச் சொல்லும் இடத்தில் ‘மே’, ‘மைட்’ இரண்டும் முறையான எழுத்துநடைக்கு உரியவை. ‘ஆகிவிடாதபடி’ என்று பொருள்படும் ‘லெஸ்ட்’ பழைய நடை. அதன் பின் ‘ஷுட்’ வரும் என்று தெரிந்திருந்தால் ஒன்பதாம் வகுப்புக்குப் போதும்.