ஆசாரியிடம் கேளுங்கள்: இஞ்சும் மீட்டரும்

முப்பது வருஷமாகத் தச்சு வேலை. அளவில் சந்தேகம் என்றால் கேளுங்கள்.

கே: அண்ணா, 30 இஞ்ச் கதவு எத்தனை மீட்டர்?

ப: 0.762. இஞ்சை 0.0254-ஆல் பெருக்குங்கள். 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உட்பட ஆறு நாடுகள் ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று ஒத்துக்கொண்டன. கெஜத்துக்கு 36 இஞ்ச், வகுத்துப் பாருங்கள். இது தோராயம் இல்லை, முழுக் கணக்கு.

கே: அவசரத்துக்கு இஞ்சுக்கு 25 மி.மீ. என்று போடலாமா?

ப: போட்டவன்தான் நான். 8 அடி அலமாரி, 96 இஞ்ச். 2400 மி.மீ. என்று அறுத்துவிட்டேன். வேண்டியது 2438. மாட்டிப் பார்த்தால் மேலே ஒன்றரை இஞ்ச் இடைவெளி, இரண்டு விரல் தாராளமாக உள்ளே போகிறது. வீட்டுக்காரம்மா ஒன்றும் பேசவில்லை, விரலை விட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். மனக்கணக்கு வேண்டுமென்றால் நாலு இஞ்சுக்கு 10 செ.மீ. வையுங்கள், அப்புறம் ஒவ்வொரு நாலுக்கும் 1.6 மி.மீ. கூட்டுங்கள். 40 இஞ்ச் என்றால் ஒரு மீட்டரும் 16 மில்லியும். எந்த டேப்பில் அளந்தீர்களோ அதே டேப்பை வைத்தே அறுங்கள்.

கே: ஜன்னல் உயரம் 5.6 அடி. மீட்டரில்?

ப: 5 அடி 6 இஞ்சா, 5 புள்ளி 6 அடியா? முதலாவது 1.676, இரண்டாவது 1.707. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். அடிக்கு 12 இஞ்ச், 10 இல்லை. தயவுசெய்து புள்ளி வைக்காதீர்கள்.

கே: 32 இஞ்ச் எத்தனை மீட்டர்?

ப: 0.8128. முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஒரு நூல் என்றால் 3 மி.மீ. தானே?

ப: இஞ்சில் எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. எட்டு நூலுக்கும் மூன்று என்று போட்டால் 24 தான் வரும், இஞ்சே சுருங்கிவிடும்.

கே: நான் சிவில் இன்ஜினியர். மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. இன்னும் நூலா?

ப: தம்பி, மரக்கடைக்கு வந்து பாருங்கள். "18 எம்எம், எட்டுக்கு நாலு" என்று ஒரே மூச்சில் கேட்போம். தடிமன் மில்லியில், நீள அகலம் அடியில். கீல் இஞ்சில். உங்கள் வரைபடம் மில்லியில் இருக்கட்டும், ஆனால் நான் "ரெண்டு நூல் இழைத்து எடு" என்றால்தான் என் பையன் சரியான இடத்தில் கையை நிறுத்துவான். "6.35 மில்லி" என்றால் என் முகத்தைப் பார்ப்பான்.

கே (அதே இன்ஜினியர்): பழக்கம்தானே, மாற்றலாமே?

ப: மாற்றலாம். முதலில் கீல் விற்பவரை மாற்றுங்கள், நான் பின்னாலேயே வருகிறேன்.

கே: டேப் முனைக் கொக்கி ஆடியது. சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டேன்.

ப: ஐயோ. அது ஆடத்தான் வேண்டும். வெளியே மாட்டி இழுத்தால் கொக்கி நீளும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் ஆட்டம். வேறு டேப் வாங்குங்கள். வாங்கியபின் அளக்கவும் அறுக்கவும் அது ஒன்றுதான்.

கே: 43 இஞ்ச் டிவிக்கு 43 இஞ்ச் பலகை போதுமா?

ப: அது மூலைக்கு மூலை. திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. தான். பலகை மிச்சமாகும்.

கே: ஒரு சென்ட் எத்தனை மீட்டர்?

ப: அது பரப்பு, நீளம் இல்லை. சர்வேயரைக் கேளுங்கள்.

கே: 24 இஞ்ச்?

ப: 0.6096. சாப்பிடப் போகிறேன்.