ஆதிப்புள்ளியைத் தொடாத நேர்கோடு: அறிவியல் கேள்வி–பதில்

கேள்வி: தனி ஊசல் சோதனையில் 50 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை, பத்துப் பத்துச் செ.மீ. கூட்டி, ஒவ்வொரு நீளத்திற்கும் 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்தேன். கிடை அச்சில் நூலின் நீளத்தையும் (மீட்டரில்) செங்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் வைத்து வரைந்தபோது, சாய்வு 4.04 வந்தது, ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல் செங்குத்து அச்சை 0.05இல் வெட்டுகிறது. நீளம் சுழியானால் நேரமும் சுழிதானே, ஆதிப்புள்ளி வழியாகவே கோட்டை வரைந்துவிடு என்கிறார்கள் தோழிகள். எது சரி?
– பிளஸ் ஒன் மாணவி, மேலூர்

பதில்: நீங்கள் வரைந்த கோட்டை மாற்ற வேண்டாம். நீளம் சுழியானால் நேரமும் சுழி என்பது ஊசலின் உண்மையான நீளத்திற்குப் பொருந்தும். நீங்கள் அளந்தது அந்த நீளம்தானா என்பதை முதலில் பாருங்கள். தாங்கியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவே ஊசலின் நீளம். நூலை முடிச்சு வரை மட்டும் அளந்திருந்தால், ஒவ்வொரு அளவிலும் குண்டின் ஆரம் விடுபட்டிருக்கும். உங்கள் வெட்டுத்துண்டான 0.05ஐச் சாய்வான 4.04ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.0124 மீட்டர், அதாவது 1.2 செ.மீ. சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள், 2.5 செ.மீ. அளவில் இருந்தால் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும்.

இப்படி எல்லா அளவுகளிலும் ஒரே அளவு குறையும் முறையான பிழை, கோட்டை மேலே நகர்த்துமே தவிர அதன் சாய்வைத் தொடாது. சாய்வு என்பது 4π²ஐ ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. ஆகவே 4π²இன் மதிப்பான 39.48ஐ 4.04ஆல் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் 9.77 மீ/வி² வருகிறது. நிலநடுக்கோட்டிற்கு அருகே உள்ள மதுரை வட்டாரத்தில் அதன் மதிப்பு சுமார் 9.78 என்பதால் இது மிக நல்ல விடை. அதே அளவுகளை வைத்துக் கோட்டை ஆதிப்புள்ளி வழியாக வலிந்து செலுத்தினால் 9.62தான் கிடைக்கும். வரைபடமே வேண்டாம் என்று ஒவ்வொரு நீளத்திற்கும் தனித்தனியே கணக்கிட்டாலோ, 50 செ.மீ.க்கு 9.54 என்றும் 100 செ.மீ.க்கு 9.65 என்றும் வரும். அவற்றின் சராசரியை எத்தனை முறை எடுத்தாலும் பிழை நீங்காது.

எனினும், 0.05 என்பது உண்மையான வெட்டுத்துண்டா, தற்செயலாக வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். நிறுத்துக் கடிகாரம் நூறில் ஒரு பங்கு வினாடியைக் காட்டினாலும், விரல் அழுத்துவதில் 0.2 வினாடி வரை முன்பின் ஆகலாம். 20 அலைவுகளுக்குப் பங்கிட்டால் ஓர் அலைவு நேரத்தில் 0.01 வினாடி, 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் 2 வினாடி என்பதால், வர்க்கத்தில் 0.04 பிழை. உங்கள் வெட்டுத்துண்டும் ஏறக்குறைய அதே அளவுதான். மேலும், 50 செ.மீ.யில் தொடங்கும் புள்ளிகளிலிருந்து கோட்டைச் சுழி வரை நீட்டுவதால், எல்லாப் புள்ளிகளுக்கும் பிழை சமம் என்று கொண்டால், வெட்டுத்துண்டின் பிழை ஒரு புள்ளியின் பிழையைப்போல் 1.8 மடங்கு ஆகிறது. 50 அலைவுகளை எண்ணி, 30 முதல் 120 செ.மீ. வரை பத்து நீளங்களை எடுங்கள். அப்போது வெட்டுத்துண்டின் பிழை 0.014 அளவிற்குச் சுருங்கும், 0.05ஐ நம்பிச் சொல்லலாம். மதுரை வெயிலில் கடினம்தான் என்றாலும், அளக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கோடு காட்டிக்கொடுக்காத பிழைகளும் உண்டு. குண்டை விட்டதும் ‘சுழி’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால், 50 என்று நீங்கள் கருதுவது 49 அலைவுகளே. புள்ளிகள் அழகாக ஒரே கோட்டில் அமையும். ஈர்ப்பு முடுக்கம் மட்டும் 10.2 என்று வந்து நிற்கும். அத்தகைய விடை வந்தால் அளவுகளைத் திருத்தி 9.8க்கு இழுக்காதீர்கள், எண்ணிய முறையைச் சோதியுங்கள்.

கேள்வி: என் மகனின் ஊசல் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கிறது. அதை நீக்கினால் தொடர்புக் கெழு (புள்ளிகள் நேர்கோட்டிற்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண், முழுமையாகப் பொருந்தினால் 1) 0.99ஐத் தாண்டுகிறது. நீக்கலாமா?
– ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: அழகுக்காக நீக்கக் கூடாது. புள்ளிகளுக்குப் பொருத்தமான கோட்டைக் கண்டறிய, பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாண்டர் 1805இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை, கோட்டிலிருந்து புள்ளிகளின் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்குகிறது. ஆகவே இரு மடங்கு விலகிய புள்ளி அந்தக் கூட்டுத்தொகையில் நான்கு மடங்கு சேர்க்கும், அதிலும் ஓரத்தில் உள்ள புள்ளி சாய்வையே திருப்பிவிடும். அந்த நீளத்திற்கு மட்டும் மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். மொத்த நேரத்தில் உள்ள வேறுபாடு சரியாக ஓர் அலைவு நேரத்திற்குச் சமம் என்றால் எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கிறது. காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நீக்கலாம். காரணம் தெரியாவிட்டால் புள்ளி இருக்கட்டும்.

தொடர்புக் கெழுவையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். 40 முதல் 100 செ.மீ. வரையிலான நீளங்களுக்கு அலைவு நேரத்தை வர்க்கப்படுத்தாமலே வரைந்தாலும் கெழு 0.99க்கு மேல் வரும். ஆனால் அது நேர்கோடே அன்று, வளைகோடு. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத் தனியே வரைந்து பார்த்தால், நடுப்புள்ளிகள் எல்லாம் கோட்டிற்கு மேலும் இரு ஓரப் புள்ளிகள் கீழும் நிற்பது தெரியும்.