வீட்டில் கட்டும் காருக்கு ஹார்னஸும் மட்கார்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய மாருதி 800 என்ஜினை வைத்து, எங்கள் காபித் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்காக, இருவர் அமரும் திறந்த கார் ஒன்றை என் மகன் கட்டி வருகிறான். இணையத்தில் 2,400 ரூபாய்க்கு நான்கு முனை ஹார்னஸ் (தோளிலும் இடுப்பிலும் பட்டைகள் வரும், நான்கு இடங்களில் வண்டியோடு மாட்டும் பந்தயக் கார் சீட் பெல்ட்) வாங்கினோம். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அங்கீகாரம் பெற்றது என்று விளம்பரத்தில் இருந்தது. மாட்டி இழுத்துப் பார்த்தபோதே கொக்கி கழன்றுவிட்டது. அது அலங்காரப் பொருள்தான் என்று விற்றவர் இப்போது சொல்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? *(வாசகி, ஏற்காடு)*

பதில்: கிடைத்தாக வேண்டும், அம்மா. ஓடும்போது கழலாமல் வீட்டிலேயே கழன்றது பெரும் நிம்மதி. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை ஆகும். விளம்பரத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். கழன்ற கொக்கி, பெட்டி, ரசீது எதையும் எறிந்துவிடாதீர்கள். அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால், 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

அடுத்த முறை வாங்கும்போது தோள் மெத்தையில் அச்சிட்ட எழுத்தை நம்ப வேண்டாம். அந்த மெத்தையை எந்தப் பெல்ட்டில் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். உண்மையான எஃப்.ஐ.ஏ. ஹார்னஸில் ஒவ்வொரு பட்டையிலும் சிறு முத்திரைத் துணி தைக்கப்பட்டிருக்கும். 8853-2016 போன்ற தர எண்ணும், எந்த ஆண்டுக்குப் பிறகு அது செல்லாது என்பதும் அதில் இருக்கும்.

கேள்வி: பயன்படுத்திய ஆறு முனை ஹார்னஸ் பாதி விலைக்கு வருகிறது. முத்திரையை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா? *(வாசகர், அம்மாப்பேட்டை)*

பதில்: வேண்டாம். காலாவதியானதா, விபத்தில் இழுபட்டதா என்பதை அறிய உங்களுக்கு வேறு வழியே இல்லை.

கேள்வி: தோள் பட்டைகள் இரண்டையும் இருக்கைக்குப் பின்னால் தரைத் தகட்டில் துளையிட்டு முடுக்கிவிட்டால் போதும் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். சரியா? *(வாசகர், சூரமங்கலம்)*

பதில்: சரியல்ல. வண்டி மோதும்போது உடல் முன்னே பாயும். தோள் பட்டை செங்குத்தாகக் கீழிறங்கித் தரையில் மாட்டப்பட்டிருந்தால், அது உடலைப் பின்னுக்கு இழுக்காமல் தோளை இடுப்பை நோக்கி அழுத்தும், அந்த அழுத்தம் முழுவதும் முதுகெலும்பின் மீது விழும். தோள் பட்டை பின்னோக்கிச் சரியும் கோணம் கிடைமட்டத்திலிருந்து 45 பாகையைத் தாண்டவே கூடாது, 10 பாகைக்குள் இருப்பது நல்லது என்று எஃப்.ஐ.ஏ. விதி சொல்வது இதற்காகத்தான். ஆகவே தோள் உயரத்துக்குச் சற்றே கீழே, ரோல் பாருடன் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைந்த இரும்புக் குழாய்) சேர்த்து வெல்டிங் செய்த குறுக்குக் குழாயில் பட்டைகளைச் சுற்றி மாட்ட வேண்டும். திறந்த காரில் ரோல் பார் இல்லாமல் ஹார்னஸ் மாட்டவே கூடாது. வண்டி கவிழ்ந்தால் குனிய முடியாதபடி அது உங்களை நிமிர்த்திப் பிடித்திருக்கும்.

இடுப்புப் பட்டைகளுக்காகத் தகட்டில் துளையிட நேர்ந்தால், மறுபுறம் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 40 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட எஃகுத் தகடு வைத்து முடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வாஷரோடு வெளியே வந்துவிடும். பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். அதை மேலேற விடாமல் பிடிப்பது கால்களுக்கு இடையே வரும் ஐந்தாவது, ஆறாவது பட்டைகள் என்பதால், நான்கு முனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. போல்ட் வாங்கும்போது தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் பொறித்திருப்பதைப் பாருங்கள். பெரும்பாலான பெல்ட்டுகளுடன் 7/16 அங்குல நுண்மரை போல்ட் வரும். அதற்கு 12 மி.மீ. நட்டைப் போட்டு முறுக்கினால் மரை சிதைந்துவிடும்.

கேள்வி: பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேர்ந்து விலை கூடும் என்று கடைக்காரர் சொன்னதால் பில் இல்லாமல் ஹார்னஸ் வாங்கினேன். தையல் பிரிந்திருக்கிறது. இப்போது என்னைத் தெரியாது என்கிறார். *(வாசகர், ஆத்தூர்)*

பதில்: இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்தும் பழக்கம் இது; ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வரியை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லும் கடைக்காரர், உண்மையில் தன் பொறுப்பைத்தான் மிச்சப்படுத்திக்கொள்கிறார். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் வகைப்படுத்துகிறது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று விற்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்பிவிடுகிறார். பொருளில் குறை இருந்தால் அந்த ஒற்றை வரி கடையைக் காப்பாற்றாது. சட்டம் இவ்வளவு தூரம் உங்கள் பக்கம் நிற்கும்போது, சில நூறு ரூபாய்க்காக நீங்களே அதை உதறிவிடுவதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

உங்களுக்கு வழி அடைந்துவிடவில்லை. கைபேசி வழியே பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், கடைக்காரருடன் நடந்த குறுஞ்செய்திகளும் சான்றாகும். அவற்றைச் சேர்த்து விரைவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்.

கேள்வி: வண்டி முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்து, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டலாமா? *(வாசகர், ஹஸ்தம்பட்டி)*

பதில்: முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி முன்மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் கொடுத்துச் சான்று பெற வேண்டும். தனி ஒருவர் கட்டும் ஒற்றை வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. பழைய காரின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சொந்த நிலத்தில் ஓட்டுங்கள். அல்லது கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அனுமதி பெற்று ஓட்டுங்கள். அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி 800 பாகங்களைக் கொண்டே பந்தயக் கார் கட்டியவர்.

கேள்வி: முன்சக்கரத்துக்கு மட்கார்டு வாங்கினேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உரசுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். *(வாசகர், ஓமலூர்)*

பதில்: அளவு எடுத்தீர்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றே தெரிகிறது. பொருளில் குறை இல்லாதபோது கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை மேலே எட்டும்வரை தூக்கி, இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகுதான் மட்கார்டுக்கு அளவு எடுக்க வேண்டும்.

கேள்வி: மட்கார்டுக்குப் பைபர் நல்லதா, தகடு நல்லதா? *(வாசகர், கொண்டலாம்பட்டி)*

பதில்: நன்றாகச் செய்த பைபர் நல்லது. நான் ஒருமுறை புகைப்படத்தை மட்டும் பார்த்து ஒரு ஜோடி வாங்கினேன். மேல்புறம் கண்ணாடிபோல் மின்னியது. ஒரு மாதத்துக்குள் போல்ட் துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடியது. கழற்றிப் பின்புறத்தை விரலால் தடவியபோது, ரெசின் (நார்களை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) ஊறாத நார்கள் வெள்ளை வெள்ளையாகக் கையோடு வந்தன. உடைந்த மட்கார்டு சக்கரத்துக்கு அடியில் மடங்கினால் வண்டியின் திசையே மாறிவிடும் என்பதால், அன்றே இரண்டையும் தூக்கி எறிந்தேன்.

ஆகவே வாங்கும்போது முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த நாரோ காற்றுக் குமிழோ இருக்கக் கூடாது, தடிமன் ஓரத்திலும் நடுவிலும் ஒரே சீராக 3 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். லாரி பாடி கட்டும் நாமக்கல் பக்கத்தில் பைபர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நேரில் போய்ப் பாருங்கள். மாட்டும்போது இருபுறமும் ரப்பரும் அகன்ற வாஷரும் வையுங்கள். மட்கார்டைத் தாங்கும் கம்பியின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று, ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் துணியால் துடைத்துப் பாருங்கள்.