ரொறன்ரோவில் பனியாறு விட்டுப்போன கற்களைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பனியுகத்தில் பனியாறுகள் பாறைகளைச் சுமந்துவந்தன என்கிறார்களே, ரொறன்ரோவில் அதற்குச் சான்று தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியும். ஹம்பர் ஆற்றங்கரைக்குப் போங்கள். இதை எனக்கு முதலில் காட்டித்தந்தவர் என் அப்பா. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுகிற இடங்களில் நின்று பழகியவர். அங்கே தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான் வரும். ஹம்பர் கரையில் நடந்தபோது, இடுப்பளவு உயரமான ஒரு கல்லைக் கண்டு நின்றுவிட்டார். "இது இந்த நிலத்துக் கல் இல்லையே பிள்ளை. ஆர் கொண்டுவந்து போட்டது?"

அவர் சொன்னது சரி. அந்த ஆற்றோரத்தில் தெரியும் அடிப்பாறை சாம்பல் நிறக் களிப்பாறை. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு அது. தட்டுத் தட்டாக இருக்கும், கையாலேயே உடைக்கலாம். அந்தக் கல்லோ இளஞ்சிவப்பும் கறுப்பும் வரிவரியாக ஓடுகிற நைஸ் (gneiss) என்ற கடும்பாறை. சுத்தியலால் அடித்தாலும் லேசில் உடையாது. வயது 100 கோடி ஆண்டுகளுக்கு மேல். அப்படிப்பட்ட பாறையே தரையாகக் கிடப்பது வடக்கே, மஸ்கோக்கா பக்கம். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்!

கொண்டுவந்தது லோரன்டைட் பனிப்படலம், பனியுகத்தில் நிலத்தை மூடிக் கிடந்த மாபெரும் தடித்த பனிப் போர்வை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இந்த நகரம் இருக்கும் இடமெல்லாம் அதன் அடியில்தான் இருந்தது. அவ்வளவு தடித்த பனி தன் பாரத்தாலேயே மெல்ல நகரும். அடியில் உருகும் நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து மறுபடி உறைய, பாறைத் துண்டுகள் பனியோடு ஒட்டிப் பெயர்ந்து வரும். வரும் வழியில் ஒன்றையொன்று உராய்ந்து முனை மழுங்கும். யோர்க்வில் பூங்காவில் மஸ்கோக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரும்பாறை இருக்கிறது, சுமார் 650 டன். அதை மனிதர்கள் துண்டு துண்டாக வெட்டி லொறிகளில் ஏற்றித்தான் கொண்டுவர முடிந்தது.

ஆறு கொண்டுவந்த கல்லா, பனி கொண்டுவந்ததா என்று பிரித்தறியக் கரையின் மண்ணைப் பாருங்கள். ஆறு தரம் பிரித்துப் போடும்: கூழாங்கல் ஓரிடம், மணல் ஓரிடம். பனி அப்படிச் செய்யாது. உருகுகிற இடத்தில் மாவு போன்ற களி, சரளை, பாறாங்கல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடும். நகரத்துக்கு வடக்கே 160 கிலோமீட்டர் நீளும் ஓக் ரிட்ஜஸ் மேடும் பனியும் அதன் உருகுநீரும் குவித்ததுதான். டொன் ஆறும் ஹம்பரின் கிழக்குக் கிளையும் அங்கேதான் பிறக்கின்றன.

பனி இங்கிருந்து விலகிய பின்னும், ஏரிநீர் வடிகிற சென் லோரன்ஸ் ஆற்று வழியைக் கிழக்கே அது அடைத்துக்கொண்டிருந்ததால், ஏரி இன்றைய ஒன்ராறியோ ஏரியைவிட உயரத்தில் நின்றது. கஸா லோமா மாளிகை நிற்கும் மேட்டுக்குக் கீழேதான் அந்தப் பழைய கரை. டேவன்போர்ட் வீதி அதை ஒட்டியே போகிறது. அந்த வீதியில் போகும்போதெல்லாம் ஒரு பக்கம் தண்ணீர் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

அப்புறம், எங்கள் ஸ்காபரோவின் உயர்ந்த ஏரிக்கரையையும் பாருங்கள், ஆனால் விளிம்பில் நிற்காதீர்கள். அது பாறை இல்லை. பனியுகத்து மணலும் களியும்தான், இன்னும் சரிந்துகொண்டே இருக்கிறது.

அன்று அப்பா, தனக்குத் தெரிந்த கல்லாயிற்றே என்று, களிக்கரையிலிருந்து விழுந்துகிடந்த ஒரு சின்னச் சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்தார். அதுவும் வடக்கே சிம்கோ ஏரிப் பக்கத்துக் கல்லாகத்தான் இருக்கும். தட்டையான பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். ஒரே திசையில் நெருக்கமாக, ஊசியால் இழுத்ததுபோல் கீறல்கள்.