பட்ஜெட்டைத் தீர்ப்பது போட்டியாளரின் கிளிக்தானா?

வணக்கம். காலை 10 மணிக்குள் உங்கள் கூகுள் விளம்பரத்தின் தினசரி பட்ஜெட் காலி, போட்டியாளர்தான் கிளிக் செய்கிறார் என்கிறீர்கள். முதலில் கூகுள் ஆட்ஸ் அறிக்கையில் 'செல்லாத கிளிக்குகள்' (Invalid clicks) என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். போலி என்று கூகுளே கண்டறிந்த கிளிக்குகள் அவை. அவற்றுக்குக் கட்டணம் இல்லை.

பிறகு உங்கள் இணையதளத்துக்கு வந்த வருகைகளின் பதிவான சர்வர் லாக்கைப் பாருங்கள். ஒரே ஐபி (இணைய முகவரி எண்), ஒவ்வொரு முறையும் வேறு ஜிசிஎல்ஐடி (ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் கூகுள் தரும் தனி அடையாளம், GCLID) என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதே ஜிசிஎல்ஐடி திரும்பத் திரும்ப வந்தால் யாரோ பக்கத்தை ரீலோடு செய்திருக்கிறார், அவ்வளவுதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சந்தேகமான ஐபிகளுக்கு விளம்பரம் தெரியாதபடி ஒரு கேம்பெயினில் 500 ஐபி வரை விலக்கலாம். மொபைல் நெட்வொர்க் ஐபிகளை மட்டும் தொடாதீர்கள். ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் உண்மையான வாடிக்கையாளர்களும் அடைபட்டுவிடுவார்கள். லாக்கை இணைத்து, கிளிக்குகளின் தரத்தை விசாரிக்கக் கோரும் படிவத்தையும் (Click Quality form) கூகுளுக்கு அனுப்புங்கள். பதிலுக்குப் போட்டியாளரின் விளம்பரத்தைக் கிளிக் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம்.