பத்துக் குன்றுகள், இரண்டு நாள்

கேள்வி: பிரிட்டனில் சற்றே வளர்ந்த சாரணர்களுக்குக் கடினமான வெளிப்புறச் சவால்கள் உண்டா? அல்லது முடிச்சுப் போடுவதோடும் கூடாரம் அடிப்பதோடும் எல்லாம் முடிந்துவிடுகிறதா?

பதில்: முடிவதில்லை. அங்கு 14 முதல் 18 வயது வரையுள்ளோர் ‘எக்ஸ்ப்ளோரர்’ சாரணர் எனப்படுகின்றனர். அவர்களில் பலர், டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மே மாதந்தோறும் ராணுவம் நடத்தும் ‘டென் டார்ஸ்’ நடைப்பயணத்துக்காகக் குளிர்காலத்திலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகின்றனர் (பள்ளிக் குழுக்களும் இதில் கலந்துகொள்வதுண்டு). 1960-ல் தொடங்கிய இந்நிகழ்வில், ஆறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் வயதுக்கேற்ப 35, 45 அல்லது 55 மைல் தூரத்தை, பத்துப் பாறைக்குன்றுகளைத் தொட்டபடி, இரண்டே நாளில் கடக்க வேண்டும். கூடாரம், உணவு, அடுப்பு அனைத்தையும் தாங்களே முதுகில் சுமக்க வேண்டும். பெரியவர் எவரும் உடன் வருவதில்லை.

கால்வலியைவிட மூடுபனியே பெரிய சோதனை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது, ஒருவர் திசைகாட்டியைப் பிடிக்க, மற்றொருவர் காலடிகளை எண்ண, சதுப்பில் முழங்கால்வரை புதைந்தவர் எழுந்து காலணியிலுள்ள நீரைக் கொட்டும்வரை எல்லோரும் நின்றாக வேண்டும். வேகமாக நடப்பவரைவிட, பின்தங்குபவரை விட்டுவிடாமல் நடப்பவரே அங்கு தேறுவார் என்பது என் கருத்து. 2007-ல் வானிலை மோசமானதால் நிகழ்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டனர்.