பிடித்துக்கொண்ட டீசல் எஞ்சின்: கேள்வி பதில்

நிறுத்தி வைத்தே எஞ்சின் பிடித்துக்கொண்ட, அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுபோன, பழைய டீசல் பிக்கப்களைப் பற்றி மட்டும் பேசுவோம். பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும். கேட்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்: ஓடும்போது பிடித்ததா, நின்றபோது பிடித்ததா? எத்தனை நாள் நின்றது? ஆயில் கம்பியில் என்ன தெரிகிறது?

மன்னார்குடி: அண்ணே, டாடா 207. வைக்கோல் போருக்குப் பக்கத்துல ஒன்றரை வருஷமா நிக்குது. நல்லா ஓடிட்டிருந்த வண்டி. இப்ப செல்ஃப் போட்டா டக்னு ஒரு சத்தம், அதோட சரி. ஆயில் கருப்பா இருக்கு, அளவு சரியா இருக்கு.

இன்னொரு தடவை செல்ஃப் போடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் எஞ்சின்தான் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கியர் நியூட்ரல். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். டைனமோவோ வாட்டர் பம்ப் பேரிங்கோ இறுகியிருந்தாலும் எஞ்சின் அசையாது. அடுத்து செல்ஃப் மோட்டாரையே இறக்குங்கள். அதன் பல் ஃப்ளைவீல் பல்லில் மாட்டி நின்றாலும் இதே ‘டக்’தான் வரும். இவ்வளவும் செய்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டும் அசையவில்லை என்றால்தான் எஞ்சின்.

இனி சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்கள் நான்கையும் கழற்ற வேண்டும். டீசல் பம்ப் பக்கமும் பைப் முனையும் திறந்து கிடக்கக் கூடாது, சுத்தமான பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். வைக்கோல் தூசி ஒரு சிட்டிகை போதும், பம்ப் போய்விடும். நாசில் வராவிட்டால் திருப்புளி வைத்து நெம்பாதீர்கள். சுற்றிலும் டீசல் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, லேசாக இடவலம் திருப்பி எடுங்கள். அடியில் இருக்கும் செம்பு வாஷர் குழியிலேயே தங்கிவிடும், அதையும் எடுத்துவிட்டுப் புதிது வாங்கி வையுங்கள்.

டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் சிரிஞ்சில் குழாய் மாட்டி உறிஞ்சுங்கள். பிறகு டீசலும் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். மேலே ஏறி நிற்கும் பிஸ்டனில் 40 மில்லிக்கு மேல் கொள்ளாது. கீழே நிற்பதற்கு 100 மில்லியாவது வேண்டும். பிஸ்டன் தலையில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அது நிரம்பி வழிந்தால்தான் கலவை பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்குப் போகும். வண்டி சமதரையில் நிற்கட்டும். சாய்ந்து நின்றால் ஒரு பக்க ரிங் மட்டும் நனையும்.

தினமும் காலையில் குறைந்ததை நிரப்புங்கள். குறைந்தது மூன்று நாள், ஒரு வாரம் என்றாலும் பொறுங்கள். அதற்குள் ராக்கர் மூடியைத் திறந்து, ராக்கரைத் தளர்த்தி, ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பிரிங்கோடு துள்ளித் திரும்பினால் நல்லது. இறங்கிய வால்வு அப்படியே நின்றால் அதுதான் பிடித்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும், புஷ் ராடு வளையும்.

திருப்பும்போது வெட்டி இழுக்காதீர்கள். முக்கால் அங்குல டிரைவ் கைப்பிடியில் ஒரு மீட்டர் பைப் செருகி, நிதானமாக எடையைக் கொடுத்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். முன்னால் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசைதான் முதலில். எதிர்த்திசையில் புல்லி போல்ட் கழன்று வரும். இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டுமானால் செல்ஃப் இருந்த ஓட்டை வழியாக ஃப்ளைவீல் பல்லில் நெம்புகோல் போடுவது மேல். விரல் அகலம் அசைந்ததும் ஆசைப்பட்டு முழுச் சுற்று சுற்றாதீர்கள். முன்னே, பின்னே, கொஞ்சம் கலவை, மறுபடி முன்னே.

பாபநாசம்: நாலு சிலிண்டரும் ஒண்ணாவா துருப்பிடிக்கும்?

பெரும்பாலும் இல்லை. எஞ்சின் நிற்கும்போது ஏதோ ஒன்றிரண்டு சிலிண்டரில் வால்வு திறந்தபடி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று சைலன்ஸர் வழியாகவும் ஏர் கிளீனர் வழியாகவும் அங்கேதான் போகிறது. அந்த பிஸ்டன்தான் பிடிக்கும், மற்றவை அதோடு சேர்ந்து நிற்கும். அடுத்த முறை வண்டியை நிறுத்தினால் சைலன்ஸர் வாயில் ஒரு துணி அடையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: ரெண்டு பேட்டரி கட்டி 24 வோல்ட் கொடுத்து செல்ஃப் அடிச்சா விடாதா?

விடும், செல்ஃப் மோட்டார். எஞ்சின் விடாது.

கும்பகோணம்: இதெல்லாம் ஒரு வாரம் இழுக்கிற வேலை. டிராக்டர் கட்டி இழுத்து கியர்ல விட்டா அஞ்சு நிமிஷம். நம்ம பக்கம் எல்லாரும் அதான் பண்றாங்க.

எல்லாரும் பண்ணுகிறார்கள், அதனால்தான் லேத்துக்காரர்கள் பிழைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலி பிக்கப்பின் பின்சக்கரங்களில் 600 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். தார் ரோட்டில் பிடிப்பு 0.7, அதாவது எடையில் பத்தில் ஏழு பங்கு. சக்கர ஆரம் மூன்றில் ஒரு மீட்டர். சக்கரம் தேயாமல் தரக்கூடிய திருகுவிசை, ஒரு மீட்டர் கைப்பிடியில் 140 கிலோ தொங்குவதற்குச் சமம். டாப் கியரில் பின் ஆக்ஸில் மட்டும் நாலில் ஒன்றாகக் குறைக்கும்: கிராங்குக்கு வருவது 35 கிலோ. முதல் கியரில் பதினாறில் ஒன்று, 9 கிலோ கூட இல்லை. சக்கரம் ரோட்டில் தேய்ந்துகொண்டு போகும், அவ்வளவுதான்.

ஒரு மீட்டர் பைப்பில் உங்கள் கையே அந்த 35 கிலோவைத் தரும். டிராக்டர் எதற்கு?

கும்பகோணம்: காலி வண்டிக்குத்தானே இந்தக் கணக்கு? நெல் மூட்டை ஏத்திட்டு இழுத்தா?

விசை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு டன் ஏற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கையில் பைப் இருந்தால் எங்கே இறுகுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும், நிறுத்திவிடலாம். டிராக்டர் ஓட்டுபவருக்கு என்ன தெரியும்? துருவோடு ஒட்டிய ரிங் பள்ளத்தில் முறியும், அந்தத் துண்டு சிலிண்டரின் உள்சுவரான லைனரைக் கீறும். பிடித்திருந்த வால்வு வளையும். சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதல் கியரில் இழுத்து, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று விடுபட்டால் ஆயில் ஏறாத எஞ்சின் நிமிடத்துக்கு 1,300 சுற்று சுற்றும். பேரிங் என்ன ஆகும்?

கும்பகோணம்: இழுத்து ஓடின வண்டி இன்னைக்கும் ஓடிட்டுதான் இருக்கு.

லேசாகப் பிடித்த எஞ்சின் எதற்கும் விடும். அது டிராக்டரின் பெருமை இல்லை. நீலப் புகை விடுகிறதா, ஆயில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊற்றுகிறார்கள் என்று அந்த ஓனரைக் கேளுங்கள்.

நீடாமங்கலம்: நான் அண்ணன் கட்சி. ஆனா டிராக்டர்ல மெதுவா, டாப் கியர்ல, நாசிலைக் கழட்டிட்டு இழுத்தா?

இப்போது பேச்சில் நியாயம் இருக்கிறது. நாசில் வெளியே, வால்வு பார்த்தாயிற்று, ஒரு வாரம் ஊறியாயிற்று, டாப் கியர், நடை வேகம் என்றால் ஆபத்து குறைவு. ஆனால் இவ்வளவும் செய்தவருக்குப் பைப்பே போதும். டிராக்டர் பேச்சு இத்தோடு முடிந்தது.

வேதாரண்யம்: ஐயா, 2018 நவம்பர் கஜாவுல கடல்தண்ணி ஏறின வண்டி. அப்புறம் தொடவே இல்ல. கலவை ஊத்தலாமா?

வேண்டாம். உப்புத் தண்ணீர் இத்தனை வருடம் நின்ற எஞ்சினுக்கு ஹெட்டைக் கழற்றுவது ஒன்றுதான் வழி. சிலிண்டர் உள்சுவரைத் துடைத்து நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் குழி இருந்தால் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) அல்லது புது லைனர். சிக்காத கறை என்றால் ஆயில் தொட்ட 400 நம்பர் உப்புத்தாள் போதும்.

பிஸ்டனை மரக்கட்டை வைத்துத் தட்டுவதானால் பாதி வழியில் நிற்பதை மட்டும் தட்டுங்கள். உச்சியிலோ அடியிலோ நிற்பதைத் தட்டினால் அடி நேராக கிராங்க்கில் இறங்கும், சுற்றாது. தண்ணீர் படும் லைனர் உள்ள எஞ்சின் என்றால், ஹெட் இல்லாமல் திருப்பும்போது லைனரும் பிஸ்டனோடு மேலே கிளம்பும். வாஷரும் போல்ட்டும் போட்டு லைனரை அமுக்கி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இனி இப்படி நடந்தால், அந்த வாரமே நாசிலைக் கழற்றி, அடியில் இருக்கும் ஆயில் சேம்பரை வடித்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உடனே டீசலால் கழுவி, ஆயில் ஊற்றிக் கையால் சுற்றுங்கள்.

சீர்காழி: ரோட்டுல ஓடும்போதே சூடாகி நின்னுது. இதே மாதிரி ஊறவைக்கவா?

இது வேறு நோய். பிஸ்டன் அலுமினியம் உருகி லைனரில் அப்பியிருக்கும், இல்லையென்றால் கிராங்க் பேரிங் சுற்றியிருக்கும். ஹெட்டையும் சேம்பரையும் இறக்குங்கள். ஊறவைத்துப் பயனில்லை.

தஞ்சாவூர்: பிரேக் ஆயில், வினிகர், தேங்காய் எண்ணெய், கோலா எது நல்லது?

வினிகரும் கோலாவும் அமிலம், துருவோடு பேரிங்கையும் தின்னும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும், தலைக்கு வையுங்கள்.

வலங்கைமான்: கையால் சுத்துது. ஸ்டார்ட் பண்ணலாமா?

இதுதான் ஆபத்தான கட்டம். கவனமாகக் கேளுங்கள். நாசில் மாட்டும் முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், நாலு சிலிண்டரும் ஒரு தடவை அமுக்கி முடிக்க அவ்வளவு வேண்டும். பிறகு நாசில் இல்லாமலேயே செல்ஃப் போட்டு உள்ளே இருக்கும் கலவையை வெளியே துப்ப விடுங்கள், மேலே முகத்தைக் காட்டாமல். இப்போதுதான் செல்ஃபுக்கு வேலை. ஊற்றியதில் பாதி சேம்பருக்கு இறங்கியிருக்கும், ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். 50 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். டீசல் கம்ப்ரஷன் கேஜ் கிடைத்தால் 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை எதிர்பார்க்கலாம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் முக்கியம்.

அடுத்து பம்ப். பழைய டீசல் கோந்தாகி உள்ளே டீசலைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஸ்டாப் கம்பியும் வேலை செய்யாது. ஸ்டாப் லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். தானாகத் திரும்பவில்லை என்றால் டீசல் பம்ப் சரிபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி வைத்து, ஒருவர் தட்டையான பலகையோடு அங்கே நிற்கட்டும். எகிறினால் எஞ்சின் காற்று இழுக்கும் வாயை அடைக்க வேண்டும். பலகையால். கையால் அல்ல, துணியால் அல்ல, உறிஞ்சிக்கொள்ளும்.

நன்னிலம்: எஞ்சின் அசையல, செல்ஃப் போட்டா டக்னு சத்தம் வருது…

முதல் பதில்.

பட்டுக்கோட்டை: 24 வோல்ட்…

மூன்றாவது பதில்.

மன்னார்குடி: அண்ணே, நாலாம் நாள். மூணாம் சிலிண்டர் மட்டும் வத்தவே இல்ல. இன்னைக்கு ஃப்ளைவீல்ல நெம்புனேன், ரெண்டு பல்லு நகர்ந்துச்சு!

அப்படியே எதிர்ப்பக்கம் இரண்டு பல். மூன்றாவதில் இன்னும் 20 மில்லி ஊற்றுங்கள். இன்று இதற்கு மேல் தொடாதீர்கள், நாளைக் காலை பார்ப்போம்.